இடுப்புப் பட்டையில் ஒரு தேள்

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் கூட்டம். பாதிப் பேர் சீசனுக்கு வந்து, அருவியில் குளித்து, காய்ச்சல் வாங்கிக்கொண்டவர்கள்.

செய்ய வேண்டியவை: சிலிண்டர் புக்கிங். குடைக் கம்பி. காமிக்ஸ் பீரோவுக்குப் பூச்சி உருண்டை.

மதியம் காமிக்ஸ் வாட்ஸப் குழுவில் சண்டை. மதுரை பாலா புதுசாக வந்த சூப்பர்ஹீரோ படத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். ஹீரோ படம் முழுக்க அழுகிறான், ஊரைக் காப்பாற்ற அவனுக்கு எங்கே நேரம்? பேச்சு அரசியலுக்குத் தாவியது. எந்தக் காமிக்ஸ் நாயகனாவது ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறானா என்று கேட்டு வைத்தேன். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன.

போட்ட பிறகுதான் உறைத்தது. என் தம்பி கணேசனும் அந்தக் குழுவில்தான். இப்போது ஒரு புதுக் கட்சியில் நகரச் செயலாளர் பதவிக்கு நாயாய் அலைகிறான். அவன் படித்துவிட்டதாக நீல டிக் காட்டியது. வேலையே ஓடவில்லை.

சாயங்காலம் அவனே போன் செய்தான்.

"அக்கா, சனிக்கிழமை தலைவர் குத்தாலம் வாராரு. இடிவீரன் மாதிரி பேனர் வைக்கணும்னு பயலுவ சொல்லுதானுவ. ஒங்கிட்ட நல்ல படம் கிடக்கும்லா?"

"தாரேன். தலையை மட்டும் மாத்திராதீங்கலே."

"தலையை மாத்தாம என்னக்கா பேனரு!"

இடிவீரன் காமிக்ஸ் என்றால் எங்கள் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே உயிர். கோபம்தான் வந்தது. ஆனாலும் மத்தியானம் பேசிய பேச்சுக்குப் பரிகாரம் மாதிரி, இருந்ததிலேயே அழகான படமாகத் தேடி அனுப்பிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

சிலிண்டர் வரவில்லை. வீட்டுக்காரர் கேட்கிறார், "நாப்பது வயசுக்கு மேல பொம்மைப் புஸ்தகத்துக்கு ஒரு பீரோவா?" இவர் மட்டும் கிரிக்கெட்காரன் ஒருவனுக்காகச் சோறு தண்ணி இல்லாமல் உட்காருவார். அது நாட்டுப்பற்றாம்.

வெறுமனே இருப்புக் கொள்ளவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் குற்றாலம் போகும்போது பேனரைப் பார்த்தேன். முகமூடி, மேலங்கி, தலைவர் முகம். இடுப்புப் பட்டையில் தேள்.

இடிவீரன் பட்டையில் கழுகுதான் இருக்கும். தேள் என்றால் போலி இடிவீரன். அதே உடையில் வந்து ஊரை ஏமாற்றி, குளத்தைத் தூர்த்து மனை போட்டு விற்கிறவன். வேறு வித்தியாசமே கிடையாது. அந்தக் காமிக்ஸ் படிக்காதவர்களுக்குத் தெரியாது, படித்தவர்கள் யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள். ஓவியர்கள் வில்லனைத்தான் ரசித்து வரைகிறார்கள். நானும் அழகைப் பார்த்தேன், பட்டையைப் பார்க்கவில்லை. முதலில் சிரிப்புதான் வந்தது.

நாளைக்குக் குழுவினர் வேறு வருகிறார்கள், வருடா வருடம் வருகிற சீசன் குளியலுக்கு. பாலா கண்ணில் பட்டால் தமிழ்நாடு முழுக்கப் போய்விடும். கணேசனுக்கு வரவேண்டிய பதவியும் போய்விடும்.

இறங்கியதும் போன்.

"ஏலே கணேசா, பட்டையைப் பாத்தியா?"

படத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான்.

"நான் எப்படிக்கா கவனிக்காம போனேன்?"

திட்டியிருக்கலாம். அவன் அப்படிக் கேட்டதுதான் தாங்கவில்லை. இப்போதெல்லாம் அவன் காமிக்ஸ் படிப்பதே இல்லை.

ஜூலை 12, சனி

லேபுக்கு லீவு. சாரல் விடவில்லை. புது பேனர் அடிக்க நேரமில்லை. கழுகு ஸ்டிக்கர் ஒன்று அச்சடித்து இருவருமாகப் போய் ஒட்டினோம். கணேசன் சின்னப் பையன் மாதிரி சிரித்தான். "இப்ப நல்லவனாயிட்டாருக்கா."

தலைவர் தாமதம். கூட்டம், செண்டைமேளம், தேங்கி நின்ற டூரிஸ்ட் வேன்கள். அதில் ஒன்றிலிருந்து பாலா இறங்கினார், தலையெல்லாம் எண்ணெய், கையில் போன். அந்த நேரம் பார்த்து ஸ்டிக்கர் நனைந்து உரிந்து விழுந்தது.

கணேசன் ஓடிப்போய் பேனரை ஒட்டி நின்றுகொண்டான். பட்டை அவன் நெஞ்சு உயரம். முதுகால் மறைத்துவிட்டான்.

தலைவர் மேடை ஏறினார். பேச்செல்லாம் சுமார். நேர்மையாம், குளங்களைக் காப்பாராம். எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. பிறகு மைக்கில்: "நமது புதிய நகரச் செயலாளர் கணேசன் மேடைக்கு வரவும்."

அவன் நகரவில்லை. திரும்பவும் கூப்பிட்டார்கள். மாலையோடு காத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர், "என்னவே, பய மலைச்சுப்போய் நிக்கான்." பாலா பேனரை நோக்கிப் போனைத் தூக்கிவிட்டார். கணேசன் என்னைப் பார்த்தான். ஆசைப்பட்டது கைக்கு எட்டி வரும்போது அதற்கு முதுகு கொடுத்து நின்றவனை எனக்கு எப்படித் திட்ட வரும்?

கூட்டத்தை இடித்துக்கொண்டு போனேன்.

"நீ போலே. நான் நிக்கேன்."

குடையை விரித்துப் பட்டைக்கு முன்னால் நின்றேன். அவன் ஓடினான், மாலை விழுந்தது, வெடிச் சத்தம். கட்சிப் பையன் ஒருவன் வந்து, "அக்கா, நீங்களும் போடுங்க" என்று என் தோளில் கட்சித் துண்டைப் போட்டான். வேண்டாமென்று கையைத் தூக்கினால் குடை விலகும். சும்மா இருந்தேன்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் குழுவில் என் படம். துண்டோடு, குடையோடு, தலைவர் முகத்துக்குக் கீழே. பாலா எழுதியிருக்கிறார்: "அக்கா, நீங்களுமா?"

எல்லாரும் அதே கேள்வி. ஏன் நின்றேன் என்று சொன்னால் தேளைச் சொல்ல வேண்டும்.

குழுவில் கணேசனும் பார்த்துக்கொண்டிருக்கிறான். "ஆமா" என்று எழுதி அனுப்பினேன்.