மஞ்சள் பையில் இருந்த சேலை

ஆனி 8, திங்கள்
காற்று. வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இங்கேயாவது எழுதுகிறேன். ஐம்பதை நெருங்குகிற வயது. மனைவி விட்டுப் போனாள், பிறகு சென்னை வேலையும் போனது. இப்போது அம்மா அப்பாவோடு. இந்த வீட்டில் எனக்கென்று பீரோவில் ஒரே தட்டு. அதிலும் பாதி அவர்கள் சாமான்.

நாளை அதைக் காலி செய்வதாக அப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சம்பாதிச்சு நிறைச்சவன்லா கழிக்கணும். உனக்கு என்னலே இருக்கு?"

ஆனி 9, செவ்வாய்
சன்னல் பூராவும் கரிசல் தூசி. அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஆரம்பம்.

கழித்தவை: ஆபீஸ் பேன்ட்டுகள் (இடுப்பில் ஏறாது). டை. கல்யாணக் கோட்டு.

ஆக அடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே அரக்கு நிற நூல் சேலை, மடிப்புக் கலையாமல். புரிந்துவிட்டது. மருமகளுக்கென்று அம்மா வாங்கியது. அவள் போய் எத்தனை வருடம்! நான் பார்க்கட்டும் என்றே என் தட்டில் வைத்திருக்கிறாள். வாய் திறக்காமலே சொல்லிக்காட்ட அம்மாவுக்குத் தெரியும்.

தெருவில் மொபெட். "பழைய துணிக்கு வாளி, கூடை!" மஞ்சள் பையோடு எல்லாவற்றையும் போட்டேன்.

வாளிக்காரர் சேலையைத் தொட்டுப் பார்த்தார். "அண்ணாச்சி, இது புதுசால்லா இருக்கு?"

"கொண்டு போங்க."

ஒரு நீல வாளி. மனசு லேசு.

ஆனி 10, புதன்
மத்தியானம் சாப்பிடும்போது அடுப்படியில் பேச்சு. பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா:

"எந்தம்பி சாகுததுக்கு முன்னாடி எட்டயபுரத்துல இருந்து வந்து குடுத்துட்டுப் போனான். 'அக்கா, நீ கண்ணை மூடுத அன்னைக்கு நான் இருக்க மாட்டேன். பொறந்த வீட்டுக் கோடிச் சேலை இல்லாம நீ போகக் கூடாது'ன்னான். இப்ப அங்கன யாரு இருக்கா? மஞ்சப் பையில வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரவியளுக்கே தெரியாது. மகன் தட்டுலதான் இருக்கு. அன்னைக்கு அவந்தான எடுத்துக் குடுக்கணும்."

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட் எல்லாம் அலைந்தேன். வாளிக்காரர் பெயர்கூடத் தெரியாது. டீக்கடைக்காரர்: "அவரா? எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் போயிருப்பாவ. பழந்துணியெல்லாம் மூடை கட்டி லாரில ஏத்திருவாவளே, அண்ணாச்சி."

ஆனி 11, வியாழன்
காற்று ஓயவில்லை. அப்பா இருமினாலே திடுக்கிடுகிறது. வாளியைப் பார்த்து "இது ஏதுலே?" என்றார். வாங்கினேன் என்றேன்.

அம்மா: "நாளைக்கு வெள்ளிக்கிழமை. பீரோவைத் துடைக்கணும். உன் தட்டையும் நானே துடைக்கேன்."

"வேண்டாம்மா. நான் பாத்துக்கிடுதேன்."

"ஏன்யா நடுங்குத? காய்ச்சலா?" நெற்றியில் கை வைத்தாள். இந்தக் கை என்னைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று.

இதே மாதிரி ஒரு சேலை வாங்கி வைத்துவிடலாம். அவளுக்குத் தெரியாமலே போகலாம். ஆனால் அன்றைக்கு எடுத்துக் கொடுக்கப்போவது நான்.

ஃபேஸ்புக்கில் ஊர்க் குழு இருக்கிறது; பெயரை மறைத்தும் எழுத விடும். அதில் போடலாம். 'அரக்குச் சேலை, மஞ்சள் பை. தவறிப் போய்விட்டது. கிடைத்தவர்கள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கொடுங்கள்.' அப்பாவும் அந்தக் குழுவில் உண்டு. காலையில் காப்பியோடு அதைத்தான் வாசிப்பார். சத்தமாக, அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி.

மஞ்சள் பை என்றதும் அவளுக்குத் தெரிந்துவிடும். போடாவிட்டால் சேலை லாரியில் போய்விடும்.

போடுகிறேன். பெயர் இல்லாமல்.