இரண்டு தண்ணீர் மாற்றிய கிழங்கு

மார்ச் 3, திங்கள்

எனக்கும் அடுப்புக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற கை, ஐம்பத்திரண்டு வயதில் கரண்டி பிடிக்கிறது. அக்காவால் இனி நின்று சமைக்க முடியாது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.

இன்று உருளைக்கிழங்கு. டாக்டர் சட்டப்படி தோல் சீவி, பொடியாக நறுக்கி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டிவிட்டுத்தான் வதக்க வேண்டும். கிழங்கில் பொட்டாசியம் இருக்கிறதாம். அவள் உடம்பில் சேர்ந்தால் இதயத்தையே நிறுத்திவிடுமாம். உப்பும் கூடாது, அதில் சோடியம்.

அக்கா சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள்: "கிழங்கைக் கொன்னுட்டு அப்புறம் எதுக்குடா தாளிக்கிற?"

மார்ச் 5

கடுகு கருகிவிட்டது.

மார்ச் 8, சனி

சீரகம், மிளகுத்தூள், மஞ்சள், இரண்டு பல் பூண்டு. வாசனை தெருக்கோடி வரை போயிருக்கும். வாயில் வைத்தால் சப்பென்று இருக்கிறது. அக்கா இரண்டு துண்டு தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"ஒரே ஒரு சிட்டிகை போடுடா. யாருக்குத் தெரியப்போகுது?"

கத்திவிட்டேன். அழுதாள். அம்மா போனபிறகு கல்யாணமே வேண்டாம் என்று தட்டச்சு வேலைக்குப் போய் என்னையும் தங்கையையும் ஆளாக்கியவள். இதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டது ஒரு சிட்டிகை உப்பு. அதற்குப் போய்க் கத்தினேனே, நானெல்லாம் என்ன ஜென்மம்?

மார்ச் 12

வேலை முடிந்து வரும் வழியில் கடையில் ஒரு பாக்கெட் பார்த்தேன். 'சோடியம் குறைந்த உப்பு'. மேலே இதயத்தின் படம் வேறு. டாக்டர் வேண்டாம் என்றது சோடியத்தைத்தானே? வாங்கிவிட்டேன்.

நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் கேட்கவில்லை.

மார்ச் 13

தட்டைத் துடைத்து வைத்தாற்போல் சாப்பிட்டாள். "இப்பதான்டா இது கறி!" விரலைக்கூட விடவில்லை. அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. தினமும் செய்யப்போகிறேன்.

மார்ச் 17, திங்கள்

கால் இரண்டையும் தூக்க முடியவில்லை என்கிறாள். அசதியாக இருக்கும். நாளை டயாலிசிஸ் முடிந்தால் சரியாகிவிடும்.

மார்ச் 18

காலையில் எழுப்பினால் பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். பொட்டாசியம் எக்கச்சக்கமாம்.

"என்ன சாப்பிட்டாங்க?" என்று நர்ஸ் கேட்டாள். ஊறவைத்தது, வடித்தது, எல்லாவற்றையும் பெருமையாக ஒப்பித்தேன். "உப்பு?" என்றாள். வீட்டுக்கு ஓடிப் பாக்கெட்டை எடுத்து வந்தேன். அவள் பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் ஒரு வரியை நகத்தால் காட்டினாள். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம். சிறுநீரக நோயாளிகள் சேர்க்கக்கூடாது.

இரண்டு மணி நேரம் ஊறவைத்து எதைக் கொட்டினேனோ, அதையே ஸ்பூனால் அள்ளிப் போட்டிருக்கிறேன். ஐந்து நாள். என் கையால.

"இதை யாரு வாங்கினது?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முகத்திலிருந்த மாஸ்க்கை இழுத்தாள். "நான்தாம்மா. பக்கத்து வீட்டுப் பொண்ணை விட்டு வாங்கினேன். இவனுக்கு ஒண்ணும் தெரியாது."

என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 20

அக்கா போய்விட்டாள். காலை பத்து நாற்பது.

மார்ச் 24

வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். தங்கை மட்டும் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அக்கா சொன்னது சொந்தம் முழுக்கப் பரவியிருக்கிறது.

"வாயைக் கட்டியிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பா. நீ எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்ச... கடைசியில உன்னையே ஏமாத்திட்டாளேண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஆமா" என்றேன்.