மரத்துப்போன வாயும் ஒரு குடைக்கதையும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், உன் அப்பாவின் இருமலைத் தவிர. ஐஸ்கிரீம் டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறேன், இரண்டு நாளில் இருமலும் போய்விடும். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது பார்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அடுத்த மாதம் உங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கு நீ எழுதிப் படம் போட்ட புத்தகத்தை, பஸ்ஸில் தொலைந்த அந்தக் குடைக்கதையை வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், நீ என்னடாவென்றால் போகமாட்டேன், இனிமே அந்தப் புத்தகத்தைப் பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்கமாட்டேன், பிச்சை எடுக்கிற மாதிரி இருக்கு என்று அழுகிறாய். எல்லாம் உன் சிநேகிதி சொன்ன ஒரு வார்த்தையால். எங்க அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட நீ புத்தகம் வாங்கற லிங்க்தான் அனுப்பினே என்று அவள் சொன்னாளாமே. அவள் சொன்னதில் தப்பில்லை கண்ணு. நீ அழுததிலும் தப்பில்லை. ஆனால் அதற்காகக் கதையையே மூட்டை கட்டிப் பரண்மேல் போடுவதா? மூன்று வருஷம் ராத்தூக்கம் கெட்டு வரைந்த படமெல்லாம் யாருக்காக?

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்டுக்கொள். உன் அப்பா நச்சரித்து நச்சரித்து உன் சித்தப்பாவைப் புத்தகம் வாங்க வைத்தார். வாங்கினவர் சும்மா இருக்காமல், அட்டை கெட்டியாக இருக்கிறது, சொன்ன தேதிக்கு வந்து சேர்ந்தது என்று இணையத்தில் மதிப்புரை எழுதி நாலு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். அந்த ஐந்தாவது நட்சத்திரம் எங்கேடா என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. உன் அம்மா மட்டும் லேசுப்பட்டவளா? எங்கள் பல் ஆஸ்பத்திரியில் என் மேசைக்குள்ளேயே ஒரு பிரதி வைத்திருந்தேன். வைத்தியம் முடிந்து பணம் கட்ட வருகிறவர்கள் முன்னால் படக்கென்று விரித்து, என் பொண்ணு எழுதினது, படமும் அவளே போட்டது, எப்படி இருக்கு என்று கேட்பேன். ஒருவர் பாக்கியில்லாமல் தலையை ஆட்டினார்கள். ஒரு பெரியவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை, போ. கடைசியில் டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டு, அக்கா, அவங்களுக்கெல்லாம் ஊசி போட்டு வாய் மரத்துப்போயிருக்கு, தலையை ஆட்டாம வேற என்ன செய்வாங்க, அந்தப் பெரியவர் அழுதது கடைவாய்ப்பல்லுக்கு என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்குக் கோபத்தில் புத்தகத்தைப் பைக்குள் திணித்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இனிமேல் ஒருத்தரிடமும் காட்டுவதில்லை என்று உன்னைப் போலவே சபதம். அப்பாதான், ஆத்தாளும் மகளும் ஒரே அச்சு, ஒண்ணு ஊரைக் கூட்டுவீங்க, இல்ல கதவைச் சாத்திக்குவீங்க என்று சிரித்தார். சுருக்கென்றது. மறுநாள் அதைக் கொண்டுபோய், காத்திருக்கும் அறையில் பிள்ளைகள் விளையாடும் குட்டி மேசையில், மரக்கட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் நாற்காலிக்கு வந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பப்பா, உன்னைப் பெற்றபோதுகூட அவ்வளவு கஷ்டப்படவில்லை. ஒருத்தி அதை விசிறியாக்கினாள், ஒருத்தர் அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தார், ஓடிப்போய் எடுத்துவிட்டு வந்தேன், அதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

போன வியாழக்கிழமை ஒரு சின்னப் பெண் அப்பாவோடு வந்தாள். முன்பல் இரண்டு இல்லை, பயத்தில் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒளிந்த இடத்தில் உன் புத்தகம் கைக்குக் கிடைத்தது. உள்ளே கூப்பிட்டபோது, இருங்க, குடை இன்னும் பஸ்லதான் இருக்கு என்றாள். டாக்டரம்மாவும் நின்றார், குடை ஒரு கைக்குப் போய்ச் சேர்ந்து மழையில் விரிகிறவரைக்கும். அவள் அப்பா இது எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்டார். கடையின் பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான். கேட்கிறவருக்குப் பதில் சொல்வது பிச்சை எடுப்பதா, நீயே சொல்லு.

விஷயம் அதுகூட இல்லை. பல்லை அடைத்துக்கொண்டு வெளியே வந்தவள், கன்னம் ஒரு பக்கம் தொங்க, நேராக என் மேசைக்கு வந்தாள். நாக்கு புரளவில்லை, வார்த்தை வழுக்குகிறது, ஆனாலும் விடவில்லை. குடையைத் தொலைச்சாங்களே, அவங்க அன்னைக்கு நனைஞ்சாங்களா என்று கேட்டாள். எத்தனை தடவை படித்திருக்கிறேன், தொலைத்தவளை நான் ஒருநாளும் நினைத்ததே இல்லை. தெரியலையே கண்ணு, எழுதினவங்களைத்தான் கேக்கணும் என்றேன். அப்ப கேட்டு வைங்க, நான் திரும்ப வருவேன் என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். அப்போதுகூட என் மகள்தான் எழுதினாள் என்று நான் சொல்லவில்லை தெரியுமா? வீட்டுக்கு வந்துதான் அழுதேன், சந்தோஷத்தில்.

அந்த நூலகத்திலும் இப்படி ஒருத்தி வந்து உட்கார்ந்திருப்பாள். நீ போகாவிட்டால் அவள் யாரைக் கேட்பாள்? வாங்கு என்று யாரிடமும் சொல்லாதே. கதையை வாசி, கேட்டதற்குப் பதில் சொல்லு, வீட்டுக்கு வா. அதற்கு முன்னால் உன் சிநேகிதிக்கு ஒரு போன் போடு. அவள் அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேள், அவள் பேசட்டும், புத்தகம் என்ற சொல்லே உன் வாயில் வரக்கூடாது. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுசோடும் குறையாத சந்தோஷத்தோடும் இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, மாசக் கடைசியில் அந்தப் பெண் மறுபடி பல்லைக் காட்ட வருகிறாள். குடையைத் தொலைத்தவள் நனைந்தாளா இல்லையா, அதற்குள் எழுதி அனுப்பு. எனக்கும் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
வாயைக் கட்டப் பழகிவரும்
உன் அம்மா