கடற்காகங்கள் போனதும்

பசுந்தாங், ரங்கூன்
10-1-1965

அன்புள்ள மார்த்தாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. தூத்துக்குடியில் உன் தம்பி ஞானமுத்து வீட்டில் நீயும் அமலியும் சுகமாயிருப்பது அறிந்து நிம்மதி. மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததில் சந்தோஷமே. வாத்தியார் வேலை நல்ல வேலைதான். வாத்தியார்கள் வீட்டில் அதிகம் சத்தம் போடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

நான் எப்போது வருவேன் என்று கேட்டிருக்கிறாய். இப்போது ஆற்றில் கடற்காகங்கள் இருக்கின்றன. படகுத்துறைப் பூங்காவிலிருந்து தினமும் காலையில் பார்க்கிறேன். மார்ச்சில் அவை வடக்கே போய்விடும். போனதும் கப்பலில் வரப் பெயர் கொடுத்துவிடுகிறேன். இதை நம்பி நீ கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம்.

சேற்றில் புதிய உள்ளான் பறவை ஒன்று தென்பட்டது. கால் பச்சையாயிருந்தது. நான் தவறாகவும் பார்த்திருக்கலாம்.

உன்,
ஆரோக்கியநாதன்

தூத்துக்குடி
31-1-1965

அமலி அப்பாவுக்கு மார்த்தா எழுதுவது.

கப்பல் எப்போது என்று கேட்டால் கடற்காகத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்களைக் கப்பலேற்றியபோது, வீட்டை ஒழித்துவிட்டு அடுத்த கப்பலில் வருகிறேன் என்றீர்கள். பிறகு மழை முடியட்டும் என்றீர்கள். இப்போது பறவை. பிறந்தது முதல் அந்த ஊரைவிட்டு நகராதவர் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் இத்தனை நாள் பொறுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் தவக்காலம் தொடங்குமுன் கல்யாணத்தை முடிக்கக் கேட்டார்கள். நான்தான் பாஸ்கா பண்டிகை முடியட்டும், அவர் வந்துவிடுவார் என்று தள்ளிவைத்தேன். “ரங்கூன் சம்பந்தி வருவாகளா, போட்டோ மட்டும் வருமா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அமலி சிரிக்கவில்லை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குள் போவேன் என்கிறாள்.

கல்யாணத்துக்கு உங்களுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன். பழைய அளவுதான் சொன்னேன். இளைத்துவிட்டீர்களா என்று எழுதுங்கள்.

இங்கும் கடல்காக்கா இருக்கிறது. மீன்காரர்களைக் கேட்டேன். மாசி முடிவில் போய்விடுமாம். குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் ஆற்றங்கரைக்குப் போகாதீர்கள்.

மார்த்தா

பசுந்தாங், ரங்கூன்
24-2-1965

அன்புள்ள மார்த்தாவுக்கு,

சென்ற வாரம் இங்கே காலம் தப்பிக் குளிர். வாடைக்காற்றும் தூறலும். துணி கட்டிக்கொண்டுதான் போனேன். பூங்காவில் யாருமில்லை. தேநீர்க் கடை சுலைமான் மட்டும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். பெஞ்சு நனைந்திருந்ததால் நின்றபடியே பார்த்தேன். ஆற்றில் ஒரு கடற்காகம்கூட இல்லை. மார்ச் வரை இருப்பவை. மூடுபனியில் எனக்குத்தான் தெரியவில்லையோ என்று சுலைமானைக் கூப்பிட்டுத் தூரக்கண்ணாடியைக் கொடுத்தேன்.

“அங்க என்ன தெரியுது, பாரும்” என்றேன்.

“தண்ணி தெரியுது, ஸயா.”

“பறவை?”

“எல்லாம் போயிடுச்சு. நேத்தே காணோம்.” கண்ணாடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். “இனி உங்க முறைதான். வீட்டம்மாகிட்ட வேற சாக்குச் சொல்ல முடியாது.”

“அக்கரையில் ஒதுங்கியிருக்கலாம்.”

“அக்கரைக்கு வேணா நான் போய்ப் பாக்குறேன். நீங்க கப்பல் ஆபீசுக்குப் போங்க.”

அவன் சொன்னபடியே போனேன். வரிசை நீளம். மதியத்துக்குமேல் மேஜையருகே வந்தேன். இனிப் பர்மாவுக்குத் திரும்பி வருவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பேனாவைத் திறந்தேன். பின்னால் நின்ற அம்மாளிடம் கைக்குழந்தை இருந்தது. அவருக்கு வழிவிட்டேன். அடுத்து நின்றவருக்கும் வழிவிட்டேன். பிறகு வந்தவர்களுக்கும். மேஜைக்காரர் எழுந்து போனபின் பேனாவை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

பயமா என்று கேட்பாய். பயமாயிருந்தால் சொல்வதற்கு எளிதாக இருக்கும். நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, அதுபோல இருந்தது. மறுநாளும் போனேன். அன்று வரிசையில்கூட நிற்கவில்லை.

பறவைகள் இன்னும் போகவில்லை என்று உனக்கு எழுதியிருக்கலாம். இரண்டு நாள் அப்படித்தான் யோசித்தேன். அவை போய்விட்டன, மார்த்தா. நான் வருவேன் என்று இனி எழுத எனக்குத் துணிவில்லை. அமலியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

ஆரோக்கியநாதன்

தூத்துக்குடி
5-4-1965

அமலி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது வந்துவிட்டார்கள். வராதபோதும் எழுதவில்லை.

அமலியிடம் சொன்னேன். “சரிம்மா” என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மீதியையும் உரித்துவிட்டுத்தான் எழுந்தாள். பிறகு ஞானமுத்துவிடம் போய், “மாமா, நீங்க கூட்டிப்போறீங்களா?” என்று அவளே கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

நேற்றுப் பூசையில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். ரங்கூன் ஆரோக்கியநாதன், மார்த்தா இவர்களுடைய மகள் அமலி என்று சாமியார் வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். பக்கத்திலிருந்த பெண் மெதுவாக, “அவரு வாறாரா?” என்று கேட்டாள். “இல்லை” என்றேன். வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபிறகு பாட்டு ஆரம்பித்தது, நானும் பாடினேன்.

வருவதைப் பற்றி இனி நான் கேட்கமாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம். உடம்பைப் பற்றி எழுதுங்கள்.

கோட்டு தைத்து வந்துவிட்டது. ஞானமுத்து போட்டுப் பார்த்தான். கை நீளமாயிருக்கிறது. வெட்டிவிடச் சொல்லித் தையற்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.

மார்த்தா