இரும்பின் மேல் வைத்த குரோமியம்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பகல் முழுக்கப் புழுக்கம். மழை வருவது போல இருட்டி, வராமலே போயிற்று. இயற்பியல் தேர்வு சுமார். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

பெரியப்பா வீட்டில் தங்கி பிளஸ் ஒன் படிக்க விலை: காலையில் பாத்திரம், மாலையில் துணி, அதற்கப்புறம் கவிதா அக்காவின் லேப்டாப். அக்கா பெரியப்பாவின் மகள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஆராய்ச்சியில் கையொடியும் பகுதி எனக்கு.

இன்று வந்தது பக்கத்துத் தோட்டத்துப் பழனியண்ணன் கிணற்றுச் சேறு. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் அவருடைய மேச்சேரி ஆடுகள் செத்தனவாம். பெரியப்பாவின் சாயப்பட்டறைக் கழிவுதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, சேற்றைக் கல்லூரியில் கொடுத்துவிட்டார். அது அக்காவின் மேசைக்கே வந்தது. அக்கா யார் மகள் என்று அங்கே அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சாருக்குத் தெரியாது.

"சனியன் புடிச்சவன். ஆட்ட மேய்க்கத் தெரியாதவனுக்குக் கெணத்து ஆராய்ச்சி" என்றாள் பெரியம்மா. பெரியப்பா சிரிக்கவில்லை.

வேலை இதுதான். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறது. இரும்பு எங்கே இருக்கிறது என்று ஒரு சுற்று, சாயக் கழிவில் வரும் குரோமியம் எங்கே என்று ஒரு சுற்று. நேரம் ஆக ஆகச் சேற்றுத்துண்டு கொஞ்சம் நகர்ந்துவிடும். அதனால் ஒரு படம் இன்னொன்றின் மேல் சரியாக உட்காராது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் உண்டு. அதில் ஒரே விரிசலைத் தேடி, அது எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு இழுக்க வேண்டும். இழுத்ததும் ஓரத்தில் கறுப்புப் பட்டை வரும். அங்கே அளவே கிடையாது. அதை வெட்டாவிட்டால் கணினி அதையும் சுழியம் என்று சேர்த்துச் சதவீதத்தைக் குறைத்துவிடும்.

கண் எரிகிறது. நாளை வேதியியல்.

ஆகஸ்ட் 20, புதன்

மழை. துணி காயவில்லை, அதற்கும் எனக்குத்தான் திட்டு.

படங்களைப் பொருத்தி முடித்தேன். இரும்பு பாறைத் துணுக்குகளில். குரோமியம் அவற்றில் இல்லை. துணுக்குகளுக்கு நடுவே, சேற்றில். மூன்று முறை பார்த்தேன். பாறைக்குள் இருந்தால் இந்த மண்ணோடு பிறந்தது. சேற்றில் இருந்தால் தண்ணீரோடு வந்தது. அப்படியானால் பழனியண்ணன் சொன்னது சரி.

அக்கா பார்த்தாள்.

"ஏம்புள்ள, குரோமியம் ஏன் இரும்பு மேல உக்காரல?"

"விரிசல வெச்சு இழுத்தா சேத்துலதானுங்க்கா விழுவுது."

"பெரிய விஞ்ஞானி. நவுரு அக்கட்டால."

அக்கா கறுப்பு வெள்ளைப் படத்தைத் திறக்கவே இல்லை. இரும்பில் பளிச்சென்று தெரிந்த இடத்தின் மேல் குரோமியத்தின் பளிச்சென்ற இடத்தை இழுத்து வைத்தாள். பொருந்திவிட்டது. பொருத்தினால் பொருந்தாதா என்ன?

"பாருங்கப்பா, நம்ம பாறையிலயே குரோமியம் கெடக்குது!"

பெரியப்பா வந்து குனிந்து பார்த்தார். ஓரத்துக் கறுப்பு என்ன என்று கேட்டார். வெட்ட வேண்டியது, வெட்டாவிட்டால் அளவு குறையும் என்று நான்தான் சொன்னேன். என் வாயைத் தைக்க வேண்டும்.

"கொறையுமா? அப்ப உட்ரு. எதுக்கு வெட்டற?"

அக்கா அப்படியே அனுப்பிவிட்டாள். நான் பொருத்தியதை என் எதிரிலேயே அழித்தாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அக்காவுக்கு சாரிடமிருந்து போன். கறுப்பு ஓரத்தை வெட்டாமலே சதவீதம் போட்டது யார் என்று கேட்டாராம். படத்தை எந்தப் பக்கம் இழுத்தீர்கள் என்றும்.

அக்கா சொன்ன பதில், என் காதுபட: "ஊட்டுல ஒரு பள்ளிக்கூடப் புள்ள இருக்குதுங்க சார். அது வெளையாட்டா செஞ்சுபோட்டுது."

நாளை என்னையும் கூட்டி வரச் சொன்னாராம்.

சாப்பிடும்போது பெரியப்பா என் தட்டில் அவர் கையாலேயே நெய் ஊற்றினார். இந்த வீட்டில் முதல் முறை.

"சாமி, நாளைக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாந்தான் நவுத்துனேன், பாறை மேலதான் பொருந்துச்சுன்னு. உங்கப்பன் போர்வெல் ரிக்கு லாரியில வடக்க கெடக்கறான். உங்கம்மா ஆட்டையாம்பட்டியில தறி ஓட்டறா. உன்னப் படிக்க வெக்கறது ஆரு?"

"நீங்கதானுங்க பெரியப்பா."

"அவ்ளோதான். தின்னு."

தின்றேன். பழனியண்ணன் மீது கோபமாக வருகிறது. வேறு கல்லூரியே கிடைக்கவில்லையா அவருக்கு? அக்கா மீதும். எல்லோர் மீதும்.

ஆகஸ்ட் 23, சனி

வெயில். காரில் பெரியப்பாவும் வந்தார். குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சார் வயதானவர், சிடுசிடுப்பு. பெரியப்பாதான் அந்தப் பட்டறைக்காரர் என்று தெரியாமல் அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். என்னைக் கூப்பிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நீதானாம்மா நகத்துனது? எதை வெச்சு நகத்துன?"

அக்கா மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். நகம் இறங்கியது. பொய்யை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. எதை வைத்து என்று கேட்டார். அதற்கு எனக்கு ஒரு பதில்தான் தெரியும்.

"கறுப்பு வெள்ளைப் படத்துல ஒரு விரிசல் இருக்குதுங்க சார். அதை வெச்சு."

"அப்ப இந்தப் படம்?"

"இது நான் செஞ்சது இல்லைங்க."

சார் மூலப் படங்களைத் திறந்தார். அவரே விரிசலைத் தேடினார், அவரே இழுத்தார், ஓரத்தை வெட்டினார். குரோமியம் இரும்பை விட்டு இறங்கிச் சேற்றுக்குப் போயிற்று. சதவீதம் ஏறியது.

"அந்த ஆட்டுக்காரருக்கு இதைத்தான் எழுதிக் கொடுக்கணும், கவிதா. இன்னிக்கே" என்றார்.

"புள்ள பயந்துபோட்டா சார்" என்று பெரியப்பா சிரித்தார். திரும்பும் வழியில் என் போனை வாங்கிக்கொண்டார்.

அம்மாவிடம் பெரியம்மாதான் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டாள், நான் கேட்க வேண்டும் என்று. "உண்ட ஊட்டுக்கே வேட்டு வெச்சுபோட்டா உன்ற மவ. வந்து கூட்டிட்டுப் போ. திங்கக்கெழமை டி.சி. வாங்கிக்க." அம்மா அழுதாள். அப்புறம் என்னைத் திட்டினாள். எது உண்மை என்று கேட்கவில்லை.

பொழுது சாயும்போது பட்டறைக்குப் பின்னால் ஜே.சி.பி. வந்தது. ஓடையை ஒட்டி, பழனியண்ணன் தோட்டத்துப் பக்கம் மண்ணுக்குள் போன குழாயைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். ஊதா நிறச் சேறு ஒழுகியது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டில் நின்றார். நிமிர்ந்தபோது மாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

கத்தவில்லை. கையை அசைத்தபடி சொன்னார்.

"சாமி, ஜன்னலச் சாத்து."

சாத்தினேன். கொக்கி போடவில்லை.