ஒரு டயருக்கு மூன்று சோபா

மார்ச் 4, செவ்வாய்

"அந்தத் தகரம் எவ்வளவு தின்னுதுன்னு ஒரு மாசம் எழுதிப் பாரு. அப்பவாவது புத்தி வருதான்னு பாக்கலாம்" என்று சொல்லி என் வீட்டுக்காரர் இந்த டைரியை நீட்டினார். தகரம் என்றது என் காரை. மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறவர். டைரி கடைக்கு ஓசியில் வந்தது. அட்டையில் இருமல் மருந்து பாட்டில். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எங்கே எழுதப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

எழுதுகிறேன். ஆனால் தொகை போட மாட்டேன். அது அவர் பாஷை. நான் சோபாவுக்கு உறை தைத்துப் பிழைக்கிறவள், எனக்குக் கணக்கு சோபாவில்தான்.

இன்று முன் டயர் ஒன்று மாற்றினேன். ஒரு டயருக்கு மூன்று சோபா. ஒற்றை ஆள் சோபா இல்லை, மூன்று பேர் உட்காருகிறது, ஓரத்துக்கு உருண்டையாகப் பைப்பிங் மடிப்பு வைத்து. மலிவாக வேறு டயர் இல்லையா என்று மெக்கானிக்கைக் கேட்டேன். "இருக்குக்கா. அதப் போட்டுட்டு வேகமா திருப்பினீங்கன்னா வண்டி நேரா போகும்" என்றார்.

மூன்று சோபாவே இருக்கட்டும்.

மார்ச் 6, வியாழன்

இந்தக் கார் எனக்கு வந்த விதத்தையும் எழுதி வைக்கிறேன். பழைய சிவப்புக் கார், இரண்டே கதவு. அந்தக் காலத்தில் பந்தயத்துக்குப் போகிறவர்கள் ஏங்கின கார் என்றார் முன்னாடி வைத்திருந்தவர். சீட்டுக்கு உறை மாற்ற என் கடைக்குக் கொண்டுவந்தார். முழுக்கக் கையால் தைத்தேன். முடித்துவிட்டு, தையல் முதுகில் உறுத்துகிறதா என்று பார்க்க ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்களேன்" என்று சாவியைக் கொடுத்தார். பாவி மனுஷன்.

பத்து வருஷம் சோபாக் கடை வேன் ஓட்டினவள் நான். வேன் போகும். இது பாய்ந்தது.

அவர் ஊரைவிட்டே போகிற அவசரத்தில் இருந்தார். தையல் கூலியைக் கழித்துக்கொண்டு, மீதிக்கு என் சேமிப்பைத் துடைத்துக் கொடுத்து வாங்கினேன். வீட்டுப் பணத்தில் கை வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னேன். "பணம் உன்னோடதுதான். பயம் என்னோடது" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

காருக்குப் பெயர் மாப்பிள்ளை. சாதா பெட்ரோல் ஊற்றினால் இருமுகிறார், உசத்தி பெட்ரோல்தான் வேண்டும். ஆயிலும் உசத்தி. உபசாரம் குறைந்தால் நடுவழியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். வேறு என்ன பெயர் வைப்பது? மெக்கானிக்குக்கு டாக்டர் என்று பெயர். நீளமான ஸ்குரூ டிரைவரை என்ஜினில் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்.

வாசலில் கூரை போட்ட இடம் ஒரு வண்டிக்குத்தான். அங்கே நிற்பது வீட்டுக்காரர் மொபெட். "சம்பாதிக்கிற வண்டி உள்ள. தின்கிற வண்டி வெளிய" என்கிறார். மாப்பிள்ளை வெயிலில் காய்கிறார், மழையில் காரின் மேல்கூரை ஒழுகுகிறது. ஓரத்து ரப்பர் மாற்ற ஒரு சோபா, ஒரு திண்டு ஆகுமாம். அப்புறம் பார்க்கலாம்.

மார்ச் 12, புதன்

இந்த மாதக் கடைசியில் இன்ஷூரன்ஸ் முடிகிறது. அதற்குள் விற்றே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அவரே ஒரு பையனை அழைத்து வந்தார். பையன் கையில் இரண்டு மோதிரம். மாப்பிள்ளையைச் சுற்றிச் சுற்றி வந்தான். சீட்டை ஒரு குத்து குத்திப் பார்த்து, "இதையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு ரேஸ் சீட்டு வெச்சிடலாம் ஆன்ட்டி" என்றான்.

"விலை ஏறிப்போச்சு தம்பி."

"எப்ப?"

"நீ குத்தினியே, அப்பதான்."

வீட்டுக்காரர் பையனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தெருமுனை வரை போனார்.

மார்ச் 16, ஞாயிறு

ஐயோ. எப்படி எழுதுவேன்.

மகள் தன்னோடு வேலை செய்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். பையனின் அம்மா பள்ளிக்கூடத் தலைமை டீச்சர். இன்று கல்யாணத் தேதி பேச வருவதாக இருந்தது. நான் பின்னறையில் ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டரோடு பேசினேன். டாக்டருக்கு இயல்பாகவே தொண்டை பெரிசு.

"அக்கா, மாப்பிள்ளைய திறந்து பாத்தேன். வெளிய பாத்தா வாலிபம், உள்ள எல்லாம் தேஞ்சு கிடக்கு."

"மூச்சு வாங்குதே, அது?"

"அதுவும் இருக்கு. தண்ணி வேற ரொம்ப குடிக்கிறாரு. நிறுத்தின எடத்துல ஈரம் பண்ணி வெச்சிருக்காரு, பாத்தீங்களா?"

"ஏற்கெனவே ரெண்டு பேர்கிட்ட இருந்தவர்தானே டாக்டர், அவங்க ஒழுங்கா வெச்சிருந்தா ஏன் இப்படி? கல்யாண நேரத்துல இந்த மாப்பிள்ளைய வெச்சுக்கிறதா, தள்ளி விடறதான்னு வீட்டுல ஒரே சண்டை."

நூலை அறுக்கத் திரும்பினேன். வாசற்படியில் தலைமை டீச்சர். கையில் பழக்கூடை. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துவிட்டார்கள். அந்த முகத்தை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

"எம் பையன் தண்ணி தொட மாட்டான்" என்றார்கள். அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். பழக்கூடையையும் எடுத்துக்கொண்டு.

மார்ச் 17, திங்கள்

மகள் அழுது முகம் வீங்கிக் கிடக்கிறாள். அது கார் பேச்சுதான் என்று தலைமை டீச்சரிடம் போனில் சொன்னாளாம். "காருக்கு யாராவது மாப்பிள்ளைன்னு பேர் வெப்பாங்களா, கதை கட்டாதே" என்று அந்தம்மா வைத்துவிட்டார்களாம். "எல்லாம் உன் வாயாலம்மா" என்றாள். வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டினால் பதிலுக்கு நாலு கேட்கலாம். "இப்பவாவது வித்துடு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

விற்றால்? அப்புறம் எதைக் காட்டி நிரூபிப்பேன்? தப்பு வாயினுடையது, காருடையது இல்லை. ஓடி ஒளிய மாட்டேன். மாப்பிள்ளையை நேரிலேயே கொண்டுபோய் நிறுத்தப் போகிறேன்.

மார்ச் 22, சனி

போனோம். வீட்டுக்காரர் இந்தக் காரில் ஏறவே மாட்டேன் என்றிருந்தவர், மகளுக்காகப் பின் சீட்டில் மடங்கி உட்கார்ந்தார், சோபா கம் பெட் மாதிரி.

தலைமை டீச்சர் கேட்டுக்கு வெளியே வந்து பார்த்தார்கள். "வாங்க, மாப்பிள்ளை இவர்தான். கீழ ஈரம் பண்ணுவார், பாருங்க" என்றேன். குனிந்து பார்த்தார்கள். சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் சிரிக்கவில்லை. "ஓடுமா?" என்று கேட்டார்கள்.

பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன். மரியாதைக்கு மெதுவாகத்தான் ஓட்டினேன்.

"எங்க ஸ்கூல் பஸ்ஸே இதவிட வேகமா போகும்."

அடுத்த மேட்டில் ஒரு லாரி. மாப்பிள்ளையை ஒரு மிதி மிதித்தேன். விசில் அடித்துக்கொண்டு கிளம்பினார் பாருங்கள், லாரி எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னால் வீட்டுக்காரர், "நான் ஒருத்தன் இங்க இருக்கேன்" என்றார். தலைமை டீச்சர் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம், "இன்னொரு தடவை" என்றார்கள்.

இன்னொரு தடவை போனோம். திரும்புகிற வழியில் கிளட்ச் பெடல் பொத்தென்று தரையோடு படுத்துக்கொண்டது. நடுரோடு. பின்னால் ஹாரன். வீட்டுக்காரர் இஸ்திரிச் சட்டையோடு இறங்கித் தள்ள ஆரம்பித்தார். தலைமை டீச்சரும் இறங்கினார்கள்.

"அய்யோ சம்பந்தி, நீங்க உள்ள உக்காருங்க."

"உக்காந்தா கனம் கூடும்" என்று கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கை கொடுத்தார்கள். பத்தடி போயிருப்போம். பின்னாலிருந்து குரல்: "மாப்பிள்ளைய தள்ளி விடறதுன்னு சொன்னீங்களே, இதானா?"

ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன். பின்னால் அவர்களும். சம்பந்தி என்று நான் கூப்பிட்டதை அவர்கள் மறுக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மார்ச் 24, திங்கள்

கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்துப் பதினைந்து சோபா. பதினைந்து! மோதிரக்காரப் பையன் வேறு போன் செய்கிறான். ஓடாத வண்டியாக இருந்தாலும் எடுத்துக்கொள்கிறானாம்.

இரண்டு தடவை போனை எடுத்தேன். இரண்டு தடவையும் வைத்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

சினிமா தியேட்டர் சீட்டு வேலையை ஒத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் வேண்டாம் என்று தள்ளிய வேலை. சீட்டுக்கு அடியில் ஊரே சூயிங்கம் ஒட்டி வைத்திருக்கும். ஒட்டட்டும். சுரண்டுவேன். கொஞ்சம் முன்பணம் கொடுத்தார்கள். டாக்டர் தன் கூலிக்குப் பதிலாக அவர் கடை பெஞ்சுக்கு மெத்தை தைத்துக் கொடுக்கச் சொன்னார்.

இராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர், "அந்த லாரிய தாண்டினப்போ வேகம் காட்டற முள்ளு எதுல இருந்துச்சு?" என்றார்.

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

மார்ச் 31, திங்கள்

இன்ஷூரன்ஸ் கட்டியாச்சு. நானே.

ஏப்ரல் 9, புதன்

விரலெல்லாம் ஊசிக் குத்து. கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. பதிவு அலுவலகத்துக்கு இந்த மாப்பிள்ளையில்தான் அந்த மாப்பிள்ளை வர வேண்டும் என்று சம்பந்தி உத்தரவு.

ஏப்ரல் 12, சனி

நேற்றுதான் டாக்டர் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். இன்று விடியும்போது பெருமழை. மேல்கூரை ஒழுகி என் தையலெல்லாம் ஊறியிருக்கும் என்று துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

மாப்பிள்ளை கூரைக்கு அடியில் நிற்கிறார். பொட்டு ஈரமில்லை. இராத்திரி தள்ளியே கொண்டுவந்திருக்க வேண்டும், வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மொபெட் வெளியே கொட்டுகிற மழையில் நிற்கிறது, சீட்டின் மேல் ஒரு மருந்துக் கடைப் பையைக் கவிழ்த்துக்கொண்டு.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சும்மாதான் என்பார்.

தியேட்டர் சீட்டில் மிஞ்சின சிவப்பு ரெக்சின் இருந்தது. மத்தியானத்துக்குள் மொபெட்டுக்கு முழு உறை தைத்துவிட்டேன், ஓரத்துக்குப் பைப்பிங் வைத்து. இதை எந்தச் சோபாக் கணக்கிலும் எழுதவில்லை.