இரைகிற ஸ்பீக்கர்

12 ஆகஸ்ட் 1971, வியாழன்

நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துவரும் ரேடியோவுக்கு இனி ஸ்பீக்கர் மட்டும்தான் பாக்கி. கடைக்காரர் இரண்டைக் கொடுத்து, "மாட்டிப் பாத்துட்டு ஒண்ணைத் திருப்பிக் குடுங்க" என்றார். சாயங்காலம் மாறி மாறி மாட்டினேன். நாகசுரக் கச்சேரி ஓடியது. இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. பெரியதே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி மீனாள் வந்தாள். "இதையா எடுக்கப் போறீக? வண்டு கத்துற மாதிரி இரையுதே!"

காதை ஒட்டவைத்துக் கேட்டேன். நாகசுரம் கேட்டது. இரைச்சல் கேட்கவில்லை.

"ஆமா, லேசா இரையுது" என்று பொய் சொன்னேன்.

அவள் நகரவில்லை. "நெசமாவே கேட்டுச்சா உங்களுக்கு?"

ஸ்பீக்கரைக் கழற்றினேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினெட்டு வருஷமாக இந்தக் காதை நம்பித்தான் வேலை. போன வாரம் ஒருவர் மூன்று தடவை நம்பர் சொல்லவேண்டியிருந்தது. லைன் சரியில்லை என்றுதான் நினைத்தேன். மதுரைக்குப் போய்க் காது டாக்டரைப் பார்க்கலாம். ஆனால் லீவுக் கடிதத்தில் என்ன காரணம் எழுதுவது? ஆபீசில் தெரிந்துவிட்டால்...

மீனாளும் தூங்கவில்லை, புரண்டு புரண்டு படுக்கிறாள். விளக்கை அணைப்பதற்கு முன் அவளிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.